எட்டாத கூடு

"ஏதாம் காரியம்னா விளியுங்க, கேட்டியளா" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்தோணிராஜ். அவர் ஊரில் கூப்பிடுவதற்கு விளிப்பது என்று பெயர். அவர் போன மார்கழியிலிருந்து ஆடி பிறக்கும் வரைக்கும் வடக்குப்பட்டுத் தோட்டத்தில் விளிக்கிற மாதிரி ஒரு காரியமும் நடக்கவில்லை. விட்டுப்போன மூன்று தேனீப் பெட்டிகளும் நன்றாகவே இருந்தன. முருங்கை பூத்தது, வேம்பு பூத்தது, புங்கம் பூத்துத் தரையெல்லாம் கொட்டியது. ரஞ்சனி தினமும் பெட்டிகளைச் சுற்றி வந்து பார்ப்பாள். ஒரு எறும்பு வரிசை, ஒரு மெழுகுப்புழு, எதையாவது தேடுவாள். ஒன்றும் இருக்காது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு திரும்புவாள்.

ரஞ்சனிக்கு அப்போது முப்பத்தாறு முடிந்திருந்தது. ஒரகடம் பக்கம் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் வேலை. காலை ஷிப்டுக்குப் போனால் மதியம் தாண்டி கம்பெனி பஸ் அவளை ஏரிக்கரை முனையில் இறக்கிவிடும். அப்பாவின் நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போய், மிச்சம் நின்றது அந்தத் தோட்டம் ஒன்றுதான். பத்துப் பதினைந்து தென்னை, எலுமிச்சை, முருங்கை, ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மோட்டார் ரூம். வேலிக்கு அந்தப்பக்கம் வெளியூர்ப் பையன்கள் தங்குகிற மூன்று மாடி ஹாஸ்டல். அதன் மொட்டை மாடியில் எப்போதும் யூனிபார்ம் சட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு காலத்தில் அவளுக்கு நிச்சயம் வரை வந்த இடம் ஒன்று உண்டு. அப்பா படுக்கையில் விழ, பையன் வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அப்பா போனார். தம்பி வெங்கடேசனுக்குக் கல்யாணம் ஆயிற்று. "அக்காவுக்கு ஒரு இடம் பாக்கணும்" என்ற பேச்சு வீட்டில் மெல்ல ஓய்ந்து, கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது சொல்கிற பேச்சாக மட்டும் மிஞ்சியது.

அந்தோணிராஜ் வந்தது அதற்கெல்லாம் பிறகு. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், பரம்பரையாகத் தேன் எடுக்கிற குடும்பம் இல்லை, தானாகக் கற்றுக்கொண்டவர். இங்கே ஒரு கம்பெனி தன் தோட்டத்தில் தேனீ வளர்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு அவரை வரவழைத்தது. கூடுதல் பெட்டிகளை வைக்க இடம் தேடி வந்தவருக்கு வெங்கடேசன்தான் தோட்டத்தைக் காட்டினான். ஒரு வருஷம் போல அவர் சாயங்காலம் தோறும் வந்தார். தண்ணீர் பாய்ச்ச வரும் ரஞ்சனியிடம் பெட்டி மூடியைப் பிடிக்கக் கொடுப்பார். "மெதுவா. அதுகளுக்கு வேகம் பிடிக்காது" என்பார். மனைவி காய்ச்சலில் போய்ப் பல வருஷம் ஆகிறது, மகள் ஷாரோன் பிளஸ் ஒன் படிக்கிறாள், அம்மா பார்த்துக்கொள்கிறார் என்பதை எல்லாம் பெட்டிக்கு மேலே குனிந்தபடி, தேனீக்களிடம் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு கம்பெனித் தோட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவரைத் தேனீ கொட்டியது. திட்டம் அதோடு முடிந்தது. ஊரில் ரப்பர் சீசனும் நெருங்க, பெட்டிகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றை மட்டும் ரஞ்சனியிடம் விட்டார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நடுப் பெட்டியின் வாசலுக்கு எதிரே ஏதோ அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தாள். கட்டைவிரல் நீளம், கறுத்த உடம்பு, வயிற்றில் ஆரஞ்சுப் பட்டை. திரும்பி வந்த தேனீ ஒன்றைப் பறந்தபடியே கவ்விக்கொண்டு எலுமிச்சைக் கிளையில் போய் உட்கார்ந்தது. தலையை வெட்டிக் கீழே போட்டது, இறக்கையைக் கழித்தது, மிச்சத்தை உருண்டையாக உருட்டி எடுத்துக்கொண்டு மோட்டார் ரூம் கதவிடுக்கில் நுழைந்தது. ரஞ்சனி கதவைத் திறந்து பார்த்தாள். கூரைக்குக் கீழே இரும்புக் குழாயில் சாம்பல் நிறத்தில் ஒரு கூடு தொங்கியது. எலுமிச்சம்பழ அளவுதான்.

பெரிய குளவி இனமான கதண்டு அது என்று தெரிந்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். வெளியே வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தாள்.

"ரஞ்சனி பேசறேங்க. வடக்குப்பட்டு."

"தெரியாமலா. சொல்லுங்க."

"மோட்டார் ரூம்ல கதண்டு கூடு கட்டிகினு கீதுங்க. தேனீயப் புடிச்சிகினு போவுது."

"கதண்டுன்னா..." அவர் யோசித்தார். "கறுப்பா, பட்டை போட்டதா? அது கடந்தல் ஆக்கும். எங்க பக்கம் கடந்தல்னு சொல்லுவோம். ஒரு போட்டோ போடுங்க பாப்போம்."

அனுப்பினாள். உடனே கூப்பிட்டார்.

"பயப்படாண்டாம். இப்பந்தான் தொடங்கியிருக்கு. உள்ள தாய் ஒண்ணு மட்டும்தான். அந்திக்கு அது கூட்டுக்குள்ள அடைஞ்சதுக்கு அப்புறம் ஒரு கனத்த பிளாஸ்டிக் கவரைக் கீழ இருந்து போட்டு மூடி, அப்பிடியே பிச்சு எடுத்து முறுக்கிக் கட்டிருங்க. காரியம் தீந்துது."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அவளுக்கு என்னவோ போல் இருந்தது. எத்தனை மாதம் கழித்துப் பேசுகிறோம், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டதே என்று.

அந்தி சாயும்போது ஸ்டூலும் கவரும் எடுத்துக்கொண்டு போனாள். ஏறி நின்றாள். கூடு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கையை நீட்டினால் போதும். கீழ்ப்பக்கத் துவாரத்தில் தாய்க் கதண்டின் தலை தெரிந்தது. அதுவும் அவளைப் பார்ப்பது போல இருந்தது. அப்போது இடுப்பில் போன் அடித்தது. இறங்கி வெளியே வந்து எடுத்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அந்தோணிராஜ்.

"எட்டலைங்க" என்றாள் ரஞ்சனி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"ஸ்டூல் போட்டுமா?"

"ஸ்டூல் போட்டும் எட்டல."

"அப்பம் விடுங்க. விழுந்து கையக் கால ஒடிச்சிராதீங்க. தம்பிகிட்ட சொல்லுங்க."

"அவனுக்கு நைட் ஷிப்ட். பகல்ல எழுப்பவே முடியாது."

"சரி. நாளைக்கு நான் விளிச்சு வேற வழி சொல்லுதேன்."

நாளைக்கு விளிச்சு. அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குச் சோற்றுக்கு என்ன குழம்பு என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் அவர் சொன்ன வழி, பெட்டி வாசல்களைச் சிறிய மரச் சட்டத்தால் குறுக்குவது. தேனீ நுழையலாம், கதண்டு நுழையக்கூடாது. அதைச் செய்துவிட்டு, செய்ததைச் சொல்லக் கூப்பிட்டாள். சில நாளில் குஞ்சுகள் வெளியே வந்து கதண்டுகள் பெருகியதும், கொசு அடிக்கிற பேட்டால் அடிக்கச் சொன்னார். ஒன்றை அடித்தாள். அடித்ததைச் சொன்னாள். இப்படி ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பேச்சு சேர்ந்தது. கதண்டைப் பற்றித் தொடங்கும், அப்புறம் எங்கேயோ போகும். லைனில் ஊசி ஒடிந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையைச் சொல்வாள். ரப்பரில் தேனீ பூவைத் தேடாது, கொழுந்து இலையின் காம்பில் ஊறுகிற தேனைத்தான் எடுக்கும் என்று அவர் சொல்வார். ஷாரோன் கெமிஸ்ட்ரியில் குறைந்த மார்க் வாங்கியதையும், அம்மாவுக்குக் காது மந்தமாகி டிவி சத்தம் தெருவுக்கே கேட்பதையும் சொல்வார். அவர் பேசும்போது பின்னால் மழை கேட்கும். "உங்க பக்கம் லாரி போவுது" என்பார் அவர். "கன்டெய்னருங்க" என்பாள் இவள். அதற்கப்புறம் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் இரண்டு பேரும் வைக்கமாட்டார்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். வெங்கடேசன் அவரை அண்ணே என்பான். அவன் மனைவி கவிப்பிரியா அண்ணா என்பாள். ஹாஸ்டல் பையன்களுக்கும் அவர் அண்ணாச்சிதான். ரஞ்சனி மட்டும் முதல் நாளிலிருந்தே அவரை எந்த முறை சொல்லியும் அழைத்தது கிடையாது. வாங்க, சொல்லுங்க, கேளுங்க என்று முடித்துக்கொள்வாள். அவரும் அவளைத் தங்கச்சி என்றோ, வேறு ஏதும் சொல்லியோ கூப்பிட்டதில்லை. இருவரும் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள்.

ஆவணியில் ஒரு நாள் ரஞ்சனி பார்த்ததை வாழ்நாளில் மறக்கமாட்டாள். நடுப் பெட்டி வாசலில் இறங்கிய கதண்டு ஒன்றைத் தேனீக்கள் பாய்ந்து மூடின. பத்து, இருபது என்று சேர்ந்து, நெல்லிக்காய் போல, அப்புறம் ஆரஞ்சுப் பழம் போல ஒரு பந்தாகி அதிர்ந்துகொண்டே இருந்தன. அவள் ஓடிப்போய் போனில் சொன்னாள்.

"கொட்டாதுவ. நம்ம தேனீக்கு அந்தத் தோலைக் குத்த முடியாது" என்றார் அந்தோணிராஜ். அவர் குரலும் படபடத்தது. "உடம்புச் சூட்டுலயே வேக வச்சுக் கொல்லுதுவ. போனைக் கொஞ்சம் பக்கத்துல பிடிங்க. நான் கேக்கட்டும்."

அவள் போனைப் பந்துக்கு அருகே நீட்டிப் பிடித்தாள். எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அவர் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பந்து பிரிந்து செத்த கதண்டு கீழே விழுந்ததும், "விழுந்துடுச்சிங்க" என்றாள் மெல்ல. "ம்" என்றார்.

ஆனால் தேனீக்கள் ஜெயித்தது அந்த ஒரு நாள்தான். கூடு வளர்ந்துகொண்டே போனது. எலுமிச்சம்பழம் தேங்காயாயிற்று, தேங்காய் பூசணியாயிற்று. மோட்டார் போடப் போகும்போது சுவரோடு ஒட்டி நுழைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிடுவாள். பெட்டிகளின் முன்னால் எந்நேரமும் நாலைந்து கதண்டுகள் காவல் நின்றன. தேனீக்கள் வெளியே வரவே பயந்தன. ஓரப் பெட்டியின் இரைச்சல் நாளுக்கு நாள் குறைந்தது. அதைச் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கூடு எவ்வளவு பெரிசாச்சு?" என்றார்.

"அப்படியேதாங்க கீது."

"ஒரு போட்டோ போடுங்க."

ரஞ்சனி மோட்டார் ரூம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடியில் எடுத்த படத்தையே மறுபடியும் அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. ஏதோ எழுதினார், நிறுத்தினார், மறுபடி எழுதினார். கடைசியில் வந்தது ஒரே சொல். "சரி."

இரண்டொரு நாளில் ஓரப் பெட்டியைத் திறந்தாள். அடை மட்டும் இருந்தது. தேனீ ஒன்றுகூட இல்லை. கூண்டோடு எங்கேயோ பறந்துவிட்டிருந்தன. வெற்று அடையைக் கையில் எடுத்து வெயிலில் பார்த்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வெங்கடேசனிடம் சொல்லி எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். அன்றைக்கும் சாயங்காலம் பேசினாள். எப்போதையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வருமுன்னே ஓ.டி. வந்தது. அவசர ஆர்டர் என்று சூப்பர்வைசர் அவளையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்து லாக்கரைத் திறந்தபோது வெங்கடேசனின் மிஸ்டு கால்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே, வழக்கமான நேரத்தில், அந்தோணிராஜின் ஒன்று.

நடந்தது இதுதான். அண்ணி வர நேரமாகிறதே என்று கவிப்பிரியா தானே மோட்டார் போடப் போயிருக்கிறாள். அவளுக்குக் கூட்டைப் பற்றித் தெரியாது. கதவைப் பலமாகத் தள்ளியிருக்கிறாள். அந்த அதிர்வில் கதண்டுகள் எல்லாம் கலைந்து முகத்தில் பாய்ந்துவிட்டன. ஹாஸ்டல் பையன்கள் வேலி தாண்டி வந்து, ஈரப் போர்வையைப் போட்டு மூடித் தூக்கியிருக்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரியில் கவிப்பிரியா படுத்திருந்தாள். ஒரு கண் முழுக்க மூடி, உதடு தடித்து, அவளா என்றே தெரியாத முகம். கண்ணுக்கு உள்ளே ஒன்றும் ஆகவில்லை, இமையில்தான் கொட்டியிருக்கிறது, வீக்கம் வடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெங்கடேசன் மருந்து வாங்கப் போனதும் ரஞ்சனி கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணி" என்றாள் கவிப்பிரியா. வீங்கிய உதட்டில் வார்த்தை குழறியது. "அவ்ளோ பெரிய கூடு ஒரு நாள்ல வந்திருக்காது இல்ல?"

"இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆடியிலயே தெரியும். அப்ப கையாலயே எடுத்திருக்கலாம்."

கவிப்பிரியா திறந்திருந்த கண்ணால் அவளைப் பார்த்தாள். "தெனமும் தோட்டத்துல போன் பேசினு இருக்கீங்களே, அது தேன் அண்ணா கூடத்தானே?"

ரஞ்சனி ஒரு கையால் போர்வையைச் சரிசெய்தாள்.

"எனக்கு அவர் இங்க இருக்கறப்பவே ஒரு சந்தேகம். நாங்க எல்லாரும் அண்ணா, அண்ணேன்னு கூப்புடறோம். நீங்க ஒரு தடவகூட கூப்புட்டதில்ல." கொஞ்ச நேரம் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்: "அதுக்கோசரம் என் கண்ணுதான் கெடச்சிதா அண்ணி உங்களுக்கு?"

அதில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. எது எவ்வளவு என்று ரஞ்சனியால் பிரிக்க முடியவில்லை. கவிப்பிரியா கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அந்தி நேரத்துக்குத் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். முழு உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் மருந்தடித்தார்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்பதால் உள்ளே தீ வைக்காமல், கூட்டைச் சாக்கில் பிடித்து இறக்கி, வெளியே வெட்டவெளியில் போட்டுக் கொளுத்தினார்கள். எரியும்போது கூட்டின் சுவர் பிளந்து உள்ளே அடுக்கடுக்காக அறைகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக, கொழுகொழுவென்று குஞ்சுகள். அவளுடைய தேனீக்களைத் தின்று வளர்ந்தவை. ரஞ்சனி அது சாம்பலாகும்வரை நின்று பார்த்தாள். அதற்குள் இரண்டாவது பெட்டியும் காலி, ஒன்றில்தான் உயிர் இருந்தது.

போன் அடித்தது. நேற்றிலிருந்து அது எத்தனையோ முறை அடித்துவிட்டது. இப்போது எடுத்தாள். நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னாள். ஸ்டூலில் ஏறியதும் கூடு கைக்கு எட்டியது என்பதையும் சொன்னாள். இரண்டாவது அனுப்பியது பழைய போட்டோ என்பதையும் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியும்" என்றார் அந்தோணிராஜ்.

"எது?"

"போட்டோ பழசுன்னு. கடந்தல் கூடு ரெண்டு மாசம் எலுமிச்சங்கா அளவுல நிக்குமா. பாத்ததுமே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா, வெங்கடேசன்கிட்ட சொல்லி எடுத்துருங்கன்னு நான் சொல்லணும். எடுத்தாச்சுன்னா..." அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

இந்த வார்த்தைக்காக ரஞ்சனி எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். வந்தபோது அவளுக்கு வந்தது ஆத்திரம்தான்.

"தெரிஞ்சிகினே சும்மா இருந்தீங்களா? எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சி. உங்களுக்குத் தெரியாதா அது இன்னா பண்ணும்னு? கவிக்குக் கண்ணு போயிருந்தா?"

"என் தப்புதான்."

"தப்புன்னு சொல்லாதீங்க. பேசாதீங்க." போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவளும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. சாயங்காலமானால் தோட்டத்துக்குப் போனாள். தண்ணீர் பாய்ச்சினாள். மிச்சமிருந்த ஒரு பெட்டிக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள். பேசி வந்த நேரம் வந்து, தாண்டிப் போகும். உடம்பில் ஒரு இடம் அந்த நேரத்தை ஒவ்வொரு நாளும் சரியாகக் கண்டுபிடித்து வலித்தது. வீட்டில் கவிப்பிரியாவுக்குக் கண்ணில் மருந்து விடுவதும், அவள் வேலைகளைச் சேர்த்துச் செய்வதும்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. கவிப்பிரியா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஒரு நாள் மருந்து விடும்போது மட்டும், "இன்னும் பேசலியா?" என்றாள். ரஞ்சனி இல்லை என்று தலையாட்டினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மண்டகனம்" என்றாள் அவள்.

புரட்டாசி நடுவில் ஒரு செய்தி வந்தது. "ஞாயித்துக்கிழமை வாறேன். ஒரு பெட்டி கொண்டு வாறேன். வீட்டுல சொல்லிருங்க."

வெங்கடேசன்தான் பைக்கில் போய் ஒரகடத்தில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தான். வாசல் வலையால் அடைத்த தேனீப் பெட்டியை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ராத்திரி முழுக்க ரயிலில் சீட்டுக்கு அடியில் அது இரைந்ததாகவும், பக்கத்தில் இருந்தவர் மோட்டாரா என்று கேட்டதாகவும் வெங்கடேசனிடம் சொல்லிக்கொண்டே இறங்கினார். காதோரம் நரை கூடியிருந்தது. மெலிந்திருந்தார். அடுக்களைச் சன்னல் வழியாக ரஞ்சனி பார்த்தாள். போனில் கேட்ட குரலுக்கு இந்த முகத்தைத்தான் தினமும் வைத்துப் பார்த்திருந்தாள். இருந்தும் முகம் புதிதாக இருந்தது.

வந்தவர் முதலில் கவிப்பிரியாவிடம்தான் போனார். "கண்ணு எப்பிடி இருக்கு?"

"தேவலாம்ணா. வீக்கம் போயிடுச்சி."

"என் பெட்டி இங்க இருந்ததால வந்தது. அது போக, நான் முன்னாலேயே சொல்லியிருக்கணும். சொல்லல்ல. மன்னிச்சுக்கிடுங்க."

வெங்கடேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க இன்னாண்ணே பண்ணுவீங்க, எங்கியோ கீறீங்க" என்றான். கவிப்பிரியா ரஞ்சனியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்புட வாங்கண்ணா" என்றாள்.

சாப்பிட்ட பிறகு தோட்டத்துக்குப் போனார்கள். வெங்கடேசனும் கூடவே வந்தான். அந்தோணிராஜ் மோட்டார் ரூமின் கூரை இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடைத்தார். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தார். ரஞ்சனி மூடியைப் பிடித்துக்கொண்டாள். "ராணி இருக்கு. முட்டையும் வச்சிருக்கு. பிழைச்சுக்கிடும்" என்றார். "சரிங்க" என்றாள். புதுப் பெட்டியைக் கிண்ணங்களில் ஊன்றிய மரக்கால்கள்மேல் நிறுத்தி வலையை எடுத்தார். தேனீக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தபடி பின்னோக்கிப் பறந்து இடத்தைக் குறித்துக்கொண்டன.

"இங்க வாங்களேன், சிலிண்டர் மாத்தணும்" என்று வீட்டிலிருந்து கவிப்பிரியாவின் குரல் கேட்டது. வெங்கடேசன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

இருவரும் தனியாக நின்றார்கள். இதற்காகத்தானே இத்தனை நாள் என்று ரஞ்சனி நினைத்தாள். அவர் கையில் ஒட்டிய சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். போனில் மணிக்கணக்கில் வந்த பேச்சில் ஒன்றுகூட வரவில்லை. ஹாஸ்டல் மாடியில் ஒரு பையன் துணி உதறுகிற சத்தம் கேட்டது.

"எறும்பு ஏறாம கிண்ணத்துல தண்ணி ஊத்தணும்" என்றார்.

"ஊத்தறேன்."

"கோபம் தீந்துதா?"

"தெரியல" என்றாள். அது உண்மை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வெங்கடேசன் திரும்பி வந்துவிட்டான். சிலிண்டர் காலியாகவே இல்லையாம்.

மாலை ரயிலுக்கு அவர் கிளம்பினார். வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ரஞ்சனியைப் பார்த்து, "வாறேன்" என்றார். "வாங்க" என்றாள். பைக் ஏரிக்கரை வளைவில் திரும்பி மறைந்தது. அவர் இங்கே இல்லாத மாதங்களில்கூட இப்படி ஒரு வெறுமையை அவள் அறிந்ததில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலியை உள்ளே எடுத்துப் போடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் போன் அடித்தது.

"படப்பை தாண்டிட்டேன்" என்றார். பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. "நேர்ல உங்களைப் பாத்தா பேச்சு வரல்ல. இப்பம் வருது, பாத்துக்கிடுங்க."

ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அப்படித்தான்."

"ஷாரோனுக்கு அடுத்த வருஷம் பரீட்சை. அது முடியாம நான் அந்த ஊரை விட்டு நகர முடியாது. அம்மாவும் இருக்கா. உங்களைக் காத்திருக்கச் சொல்லுததுக்கும் எனக்கு யோக்கியதை இல்ல."

"நீங்க சொல்லித்தான் காத்துகினு இருந்தேனா?" என்றாள்.

பஸ் எங்கேயோ நின்றது. நடத்துனர் ஊர் பேர் சொல்வது கேட்டது. அவர் மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"நான் கிளம்பும்போது ஷாரோன் கேட்டா. ஒரு பெட்டிக்காக அவ்வளவு தூரம் ஏன் போறீங்க, அங்க யாரு இருக்கான்னு."

"இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல்ல. என்ன சொல்லணும்னு தெரியல்ல."

ரஞ்சனி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள். வேலிக்கு அப்பால் இரண்டாம் ஷிப்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"என் பேரச் சொல்லுங்க" என்றாள். "லீவுல அவளையும் கூட்டினு வாங்க. உங்க அம்மாவையும். எங்க வூட்ல நான் சொல்லிடறேன்."

"வெங்கடேசன் என்ன சொல்லுவாரு?"

"கத்துவான். கவி பாத்துக்குவா."

அவர் சிரித்தாரா, மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. ஏதோ சொல்லத் தொடங்கினார். "ரஞ்சனி" என்று கேட்டது. அவர் அவளைப் பேர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குமேல் சிக்னல் இல்லாமல் துண்டுதுண்டாக வந்து, லைன் அறுந்துவிட்டது.

மறுபடி அடிக்கும் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுப் பெட்டியின் வாசலில் கடைசித் தேனீக்கள் நுழைந்துகொண்டிருந்தன. இருட்டுவதற்குள் எறும்புக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுந்தாள். வீட்டு வாசலில் பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வெங்கடேசன் திரும்பிவிட்டான். அவனிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தபடியே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.